வெட்டுப்பட்ட வள்ளிக்கிழங்கு

மலைப்பாதை தொடங்குகிற இடத்தில் ஒரு மடம் இருந்தது. மழைக்காலத்தில் அந்த மடத்து அடுப்பை நம்பித்தான் ஜனங்கள் மலையேறினார்கள். நனைந்து நடுங்கி வருகிறவர்களுக்குச் சுக்கு வெந்நீரும் அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கும் அங்கே எப்போதும் உண்டு. மழை ஓயும்வரை அந்தக் கிழங்கு கெடாமல் இருக்கவேண்டும். கெட்டுப்போனால் வருகிறவர்கள் பட்டினிதான்.

இதெல்லாம் நன்றாகத் தெரிந்தும் நல்லதம்பி அப்படி ஒரு காரியம் செய்துவிட்டார்.

செக்கு ஓட்டிப் பிழைத்தவர் அவர். ஐம்பதைத் தாண்டி மடத்துக்கு வந்து, மடத்தை நடத்திவந்த, தன்னைவிட வயதில் சிறியவரான அம்மையாரைக் குருவாக ஏற்றுக்கொண்டார். தங்கமான மனுஷன்தான். பொறுமை மட்டும் மருந்துக்கும் கிடையாது.

கிழங்கு எடுக்கிற அன்றைக்கு மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. இவர் மண்வெட்டியைத் தூக்கினார். மண்வெட்டி வேண்டாம், களைக்கொத்தால் ஓரத்தைக் கிளறிக் கையால் எடுக்கலாம் என்று வைரவன் தடுத்தார். வைரவன் மடத்திலேயே வளர்ந்தவர். கொடி நட்டதிலிருந்து பன்றிக்குக் காவல் இருந்ததுவரை எல்லாம் அவர் பாடு. ஒரு தடவை தடுத்ததோடு விட்டிருக்கலாம், இரண்டாவது தடவையும் தடுத்தார். நல்லதம்பிக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"மடத்து வாசல்ல கிடந்த பய, நீ எனக்கு யோசனை சொல்றியா?"

கைக்குழந்தையாக வாசலில் விட்டுப் போகப்பட்டவர் வைரவன். அதுவரை அந்த மடத்தில் யாரும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. அவர் கூடையைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார். நல்லதம்பி மளமளவென்று வெட்டி முடித்தார். மழையும் வரவில்லை.

குவியலைப் பார்த்தபிறகுதான் செய்த காரியம் அவருக்கு உறைத்தது. பாதிக்குமேல் வெட்டுக்காயம். வெள்ளைப் பால் கசிந்துகொண்டிருந்தது. அள்ளிக்கொண்டு போய் ஓடையில் கழுவப் பார்த்தார். அம்மையார் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கழுவ வேண்டாம். மண்ணோடயே இருக்கட்டும்."

நசுங்கிப்போனதையெல்லாம் பொறுக்கி அன்றைய சமையலுக்கு அனுப்பினார். மற்றவற்றை நெல் அவிக்கிற அறைக்குக் கொண்டுபோகச் சொன்னார். எந்நேரமும் வெதுவெதுப்பும் ஈரமுமாக இருக்கிற அறை அது. வைக்கோல் பரப்பி, ஒன்றோடொன்று உரசாமல் கிழங்கை அடுக்கி, மேலேயும் வைக்கோல் போட்டு, காற்றுக்குக் கொஞ்சம் இடம் விட்டு, வாசலில் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டார்கள்.

"இனி என்ன செய்யணும், தாயே?"

"ஒண்ணும் செய்யக்கூடாது."

மற்ற எதைச் சொல்லியிருந்தாலும் நல்லதம்பி செய்திருப்பார். சும்மா இருப்பது அவரால் ஆகிற காரியமா? தினமும் சாக்கை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைவார். வாசலோரம் கைக்கு எட்டிய கிழங்கை எடுத்து, ஆறியிருக்கிறதா என்று பெருவிரல் நகத்தால் வெட்டுவாயைச் சுரண்டிப் பார்ப்பார். பொருக்கு மாதிரி ஏதோ உரிந்து வரும். அடியில் ஈரம் தெரியும். அய்யோ, இன்னும் ஆறவில்லையே என்று திரும்ப வைத்துவிட்டு வருவார்.

அங்கிருந்து நேரே வைரவனிடம் போவார். தம்பி, நான் அன்னைக்குச் சொன்னதை மனசுல வச்சுக்காதே, கோபம் போயிடுச்சா என்று கேட்பார். வைரவன் எழுந்து போய்விடுவார். சாப்பாட்டுப் பந்தியில் நல்லதம்பி மறுபடி பக்கத்தில் உட்கார்ந்து, அந்தச் சொல்லையே எடுத்து, அதுக்காகத்தான் கேட்கிறேன் என்பார். வைரவன் பாதிச் சாப்பாட்டில் இலையை மடித்துவிடுவார். இப்படியே போனால் இந்த மனுஷன் மடத்தைவிட்டே கிளம்பிவிடுவாரோ என்று நல்லதம்பிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தூக்கம் போயிற்று.

ஒரு காலையில் அம்மையார் சாக்கை விலக்கினார். வாசலோரம் கிடந்த கிழங்குகளில் கறுப்புப் பூசணம் பூத்திருந்தது. அம்மையார் அவற்றைத் தனியே ஒரு கூடையில் எடுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனார். உள்ளே வைக்கோலை விலக்க விலக்க எல்லாம் நல்ல கிழங்கு. வெட்டுவாயில் காய்ந்த தோல் கட்டியிருந்தது. அழுகல் இல்லை, வாடையும் இல்லை. மழைக்கால அடுப்பு பிழைத்துவிட்டது. நல்லதம்பி வைக்கோலிலேயே உட்கார்ந்து அழுதார்.

"வாசலோரம் இருந்தது மட்டும் ஏன் கெட்டுப்போச்சு, தாயே?"

அம்மையார் கெட்ட கிழங்குக் கூடையை நல்லதம்பி தலையில் ஏற்றிவிட்டார். எருக்குழியில் கொட்டிவிட்டு, வைரவன் வாழைக்கு மண் அணைக்கிற இடத்துக்குப் போய்க் கூடமாட வேலை செய்யச் சொன்னார்.

"என்ன பேசட்டும்?"

"வேலைக்குத்தானே அனுப்பறேன்."

நல்லதம்பி போனார். அன்றைக்கு மண் சுமந்தார், மறுநாளும் சுமந்தார். நாக்கு நுனிவரை வந்ததையெல்லாம் விழுங்கிக்கொண்டார். செக்கு ஓட்டிய காலத்தில்கூட அவ்வளவு பாடுபட்டதில்லை. வாழைத்தோப்பு முடிந்து கருணைக்கிழங்குப் பாத்திக்கும் போனார்கள். அங்கே ஒரு மத்தியானம், வைரவன் குனிந்த தலை நிமிராமல் பேசினார்.

"மண்வெட்டியை இன்னும் சாய்ச்சுப் பிடிங்க, அண்ணே. முதுகு வலிக்காது."

அவ்வளவுதான். நல்லதம்பிக்கு நெஞ்சிலிருந்து ஒரு அம்மிக்கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. மண்வெட்டியைச் சாய்த்துப் பிடித்தார். சாயங்காலம் வேலை முடிந்ததும் அம்மையாரிடம் ஓட்டமும் நடையுமாக வந்தார். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னார். பேசிவிட்டான், அண்ணே என்றே கூப்பிட்டுவிட்டான் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அம்மையாரும் சிரித்தார்.

பிறகு நல்லதம்பி குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"உள்ளுக்குள்ள இன்னும் கொஞ்சம் வருத்தம் இருக்குமோ என்னமோ. ஒரே ஒரு தடவை கேட்டுப் பார்த்துட்டு வந்துடட்டுமா, தாயே?"

அம்மையார் அவருடைய வலது கையை எடுத்துத் திருப்பி, பெருவிரலைப் பார்த்தார்.

"போங்க. போறதுக்கு முன்னாடி இந்த நகத்தை வெட்டிக்குங்க."