டம்ளருக்கு வெளியே ஓர் ஆறு

மழை பிடித்துக்கொண்ட ஓர் ஐப்பசியில், மகளிர் விடுதி ஒன்றின் ஜன்னலோர மேசைமேல் ஓர் உலகம் பாதி ஆட்டத்தில் நின்றுபோய்க் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் உயிர் வருகிற உலகம் அது. பர்வீன் கதை சொல்வாள். திலகாவும் மற்ற இரண்டு பெண்களும் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேடம் போடுவார்கள். ஒவ்வொரு வேடத்துக்கும் ஒரு கெட்டித் தாள் உண்டு. அதில் பெயர், தொழில், பலம், பலவீனம், வணங்கும் தெய்வம் என்று கட்டங்கள். எதைச் செய்ய நினைத்தாலும் பகடையை உருட்ட வேண்டும். விழுகிற எண்தான் பிழைப்பா சாவா என்று சொல்லும்.

தும்பி அப்படி ஒரு தாள். திலகா பென்சிலால் எழுதியது. தொழில்: ஓடக்காரி. பலம்: கைகள். பலவீனம்: பொறுமை கிடையாது. தெய்வம் என்ற கட்டம் மட்டும் காலி. வலது கீழ் மூலையில் இருந்த அந்த ஒரு கட்டத்தால்தான் இத்தனை வம்பும்.

ஓயாறு பெருகிக் கரையடி என்ற ஊரை நோக்கி வந்துகொண்டிருந்தது. அங்கே நாற்பது வீடுகள். தும்பியின் முறை. அவள் ஓடத்தை இறக்கினால் ஊர் பிழைக்கும். ஆனால் அந்த உலகத்தில் ஓயாறு வெறும் ஆறில்லை, நீராழி என்ற தெய்வம். "தெய்வத்தின் மேல் துடுப்புப் போட இவளுக்கு என்ன உரிமை, இவள் எந்த வழிபாட்டைச் சேர்ந்தவள்?" என்று ஒருத்தி கேட்டாள். அன்றைக்கு நின்ற ஆட்டம்தான். ஏழு ஞாயிறு போய்விட்டது.

அந்த மேசையில் ஒரு வழக்கம் உண்டு. அந்த உலகத்தின் புராணத்தைப் பற்றிச் சண்டை வந்தால் பகடையின்மேல் எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்துவிடுவார்கள். சண்டை தீரும்வரை யாரும் நகரக் கூடாது. மீறி நடந்தது எதுவும் நடந்ததாகாது. அன்றைக்குப் பகடை தும்பியின் காலிக் கட்டத்தின்மேல் இருந்தது. டம்ளரும் அங்கேயே கவிழ்ந்தது. ஏழு வாரமாகத் தும்பி ஒரு மூலையில் அழுத்தப்பட்டு, எதிரே விரித்திருந்த வரைபடத்தில் கரையடியைப் பார்த்தபடி கிடந்தாள்.

தீபாவளி விடுமுறைக்குப் பெண்கள் ஊருக்குக் கிளம்பிப் போனார்கள். சண்டை மட்டும் போகவில்லை. சுவர் அலமாரியில் சாய்ந்திருந்த இரண்டு விதிப்புத்தகங்கள் அதை விடாமல் நடத்தின. ஒன்று முதல் பதிப்பு, முதுகெல்லாம் செல்லோடேப். மற்றது மூன்றாம் பதிப்பு, வழவழ அட்டை.

"நீராழி, இடித் தெய்வமான இடிவேந்தனின் தாய்," என்றது முதல் பதிப்பு. "பக்கம் நாற்பத்தொன்று. தாய் வீட்டுக்கு எல்லாரும் வரலாம். ஓடக்காரியும் தீட்சை வாங்கலாம், ஏழு வருஷம் நோன்பிருந்தால்."

"மனைவி, ஐயா. உங்கள் நாற்பத்தொன்றாம் பக்கத்தைத் திருத்தத்தான் என்னையே அச்சடித்தார்கள். மனைவி என்றால் வழிபாடு புருஷனின் பூசாரிகள் கையில். ஓடக்காரிக்கு இடமே இல்லை."

"தாயை மனைவியாக்கிவிட்டு அதற்குத் திருத்தம் என்று பேர் வேறு."

"அடிக்குறிப்பைப் படியுங்கள். கண் தெரிந்தால்."

தும்பிக்குப் பொறுக்கவில்லை. "ஏழு வருஷம் நோன்பா? ஆறு வாசப்படியில நிக்குது. அவ தாயோ பொண்டாட்டியோ, தண்ணி மேல போகத் தெரிஞ்சவ நான் ஒருத்திதான் இருக்கேன். என்னை விடுங்க."

அலமாரியில் இரண்டு அட்டைகளும் நிமிர்ந்தன.

"யார் பேசியது?" என்றது மூன்றாம் பதிப்பு.

"ஏதோ தாள்."

"தாள் விவாதத்தில் கலந்துகொள்ளலாம் என்று உங்களிடம் எங்காவது இருக்கிறதா?"

"இல்லை. அந்த ஒரு விஷயத்தில் நானும் உம்மைப் போலத்தான்."

விடுமுறையின் கடைசி நாள் மதியம் மழை சாய்ந்து அடித்தது. கொக்கி போன ஜன்னல் கதவு காற்றில் திறந்துகொண்டது. ஜன்னல் விளிம்பில் தேங்கிய தண்ணீர் வழிந்து மேசைக்கு இறங்கியது.

முதலில் உணர்ந்தது வரைபடம். அது ஒரு சார்ட் அட்டை. பர்வீன் ஸ்கெட்ச் பேனாவால் மெனக்கெட்டு வரைந்தது. நாற்பது வீடு, ஓர் ஆலமரம், அளவு தெரியாமல் வரைந்ததால் வீட்டைவிடப் பெரிதாகிப்போன ஒரு நாய்.

"அக்கா," என்றது வரைபடம், "எனக்கு ஓரமெல்லாம் ஈரமா இருக்கு."

"கதையில வர்ற வெள்ளமா?"

"இல்லக்கா. இது நிஜத் தண்ணி. சாயம் போனா நான் வெறும் அட்டைதான்."

தும்பி அலமாரியைப் பார்த்துக் கத்தினாள். "தண்ணி வருது. இங்க நிஜமா வருது."

"பார்த்தீரா," என்றது முதல் பதிப்பு, மனம் குளிர்ந்துபோய். "அழைக்காமலே வருகிறாள். தாய்க்குத்தான் அந்தக் குணம்."

"கோபத்தோடு வருகிறாள். அது மனைவி. சந்தேகமே இல்லை."

தும்பி அலமாரிப் பக்கமிருந்து திரும்பினாள். டம்ளரைத் தட்டினாள். "ஏய் பகடை. உருளேன். ஒரு எண்ணைக் காட்டு, நான் போறேன்."

டம்ளருக்குள்ளிருந்து குரல் கிணற்றுக்குள் பேசுவதுபோல் வந்தது. "ஏழு வாரமா உருண்டுகிட்டுத்தான் இருக்கேன். உனக்கு டங்கு டங்குனு கேக்கலையா? இதுக்குள்ள விழுற எண் வெளிய செல்லாதாம்."

"இப்ப என்ன விழுந்திருக்கு?"

பகடை தயங்கியது. "ஒண்ணு."

"ஒண்ணுன்னா?"

"ஓடம் கவிழும். நீ மூழ்கிடுவ."

"அதான் செல்லாதே. இப்பதான நீயே சொன்ன."

"கிண்டல் பண்ற நேரமா இது? டம்ளர் உன் மூலையில உக்காந்திருக்கு. அதைத் தூக்க உன்னால முடியாது. எங்க போவ?"

தும்பி தன் மூலையைப் பார்த்தாள். டம்ளரின் விளிம்பு வட்டமாகக் கவ்வியிருந்தது. கரையடியின் முதல் வீட்டுக் கூரையில் சிவப்பு கலங்கத் தொடங்கியிருந்தது. அவள் இழுத்தாள். நரநரவென்று ஒரு சத்தம்.

"தும்பி, வேண்டாம்," என்றது பகடை. "அது தெய்வத்தோட கட்டம். கிழிஞ்சா உனக்குன்னு ஒரு சாமிகூட இல்லாமப் போயிடும்."

"அந்தக் கட்டத்துல யாருமே இல்லையே. காலி இடத்தைக் காவல் காக்க என்னையும் உன்னையும் உக்கார வச்சிருக்காங்க."

இன்னொரு இழுப்பு. மூலை பிய்ந்து டம்ளரடியில் நின்றுவிட்டது. தும்பி வெளியே வந்தாள். வலித்தது. மழைக்காற்று அவளை மேசையில் தள்ளியது. அவளும் தள்ளிக்கொண்டாள்.

ஆற்றுக்கும் ஊருக்கும் நடுவே போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் மூன்றாவது வீட்டைத் தொட்டிருந்தது. ஒரு தாள் வெள்ளத்தை என்ன செய்துவிடும்? திலகா எப்போதும் அவளை இரண்டாக மடித்துப் பைக்குள் செருகுவாள். நடுவே ஆழமாக ஒரு மடிப்பு விழுந்திருந்தது. அந்த மடிப்பில் தும்பி எழுந்து, கூரையாக நின்றாள். வயலில் வரப்பு நிற்பதுபோல. தண்ணீர் வந்து முட்டியது, கொஞ்சம் யோசித்தது, பிறகு அவள் நீளத்துக்கு ஓடி மேசை விளிம்பிலிருந்து தரைக்குக் கொட்டியது.

சாயங்காலம்வரை கொட்டியது. தும்பி ஊறிப்போனாள். கால் மரத்தது, முதுகு குழைந்தது. மடிப்பு விட்டுப்போகுமோ என்று ஒவ்வொரு காற்றுக்கும் பயந்தாள். வரைபடம் பின்னாலிருந்து, "இருக்கியாக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. "இருக்கேன்டி, தொணதொணக்காத," என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். பேனா மையாக இருந்தால் முதல் மணி நேரத்திலேயே அவள் பெயர் கரைந்திருக்கும். பென்சில் எழுத்து, நின்றது.

மூன்று வீடுகள் போயின. முப்பத்தேழு நின்றன.

விடுமுறை முடிந்து திலகாதான் முதலில் கதவைத் திறந்தாள். "ஏய் பர்வீன், இங்க வாடி. ஜன்னல் திறந்து கிடக்கு."

பர்வீன் மேசையைத் தடவிப் பார்த்தாள். "டம்ளரை யாராவது தூக்கினீங்களா?"

"யாரு இருந்தா தூக்க? எல்லாரும் ஊருக்குத்தான போனோம்."

"அப்ப இவ எப்படி இங்க வந்தா?"

"காத்து தள்ளியிருக்கும். பாவம், எப்படி ஊறிப் போயிருக்கா பாரு."

திலகா தும்பியைப் பதமாக எடுத்து, அறைக்குள் கட்டியிருந்த துணிக்கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டாள். இரண்டு பேரும் துடைப்பமும் வாளியும் தேடிப் போனார்கள். கதவு சாத்திய சத்தம் கேட்டதும் அலமாரி தொண்டையைச் செருமியது.

"கிழிந்த மூலை இன்னும் டம்ளரடியில் இருக்கிறது. பகடையும் அங்கேதான் இருக்கிறது," என்றது முதல் பதிப்பு.

"ஆக, டம்ளர் கவிழ்ந்திருக்கும்போதே அவள் நகர்ந்திருக்கிறாள்."

"உரிமை இல்லாமல்."

"தெய்வம் இல்லாமல்."

"நடந்தது எதுவும் நடந்ததாகாது."

"எனவே கரையடி மூழ்கிவிட்டது. நாற்பது வீடும்."

"அதில் மறுப்பில்லை," என்றது முதல் பதிப்பு. ஏழு வாரத்தில் இரண்டும் ஒரு முடிவுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. இரண்டுக்குமே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

டம்ளருக்குள் பகடை ஓங்கி ஒருமுறை மோதியது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கொடியில் தும்பி சொட்டிக்கொண்டிருந்தாள். கீழே மேசையில் நின்ற முப்பத்தேழு வீடுகளையும் ஒருமுறை எண்ணினாள்.

"இனி அடுத்த கேள்வி," என்றது மூன்றாம் பதிப்பு. "மூழ்கிய ஊருக்கு ஈமச் சடங்கு செய்யும் உரிமை யாருக்கு?"

"தாய்க்கு," என்று முதல் பதிப்பு தொடங்கியது. அதற்கு மேல் பேச முடியவில்லை. மூழ்கிவிட்ட ஊரிலிருந்து, வீட்டைவிடப் பெரிய அந்த நாய் குரைக்க ஆரம்பித்திருந்தது.