வயிற்றைக் கட்டினார்கள்

ஒரு பெண்ணின் உடம்புக்குள் ஒரு வயிறு குடியிருந்தது. அந்தப் பெண்ணின் பெயர் சௌந்தரம். ஊர் அறந்தாங்கிப் பக்கம். புருஷன் காசிராஜன் மஸ்கட்டில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரே மகள் அபிநயா பெங்களூரில் நர்சிங் படித்தாள். ஆகவே, மாடி எடுத்துக் கட்டிய அந்தப் பெரிய வீட்டில் சௌந்தரமும் அவள் வயிறும்தான் இருந்தார்கள்.

வயிறு சொன்ன பேச்சைக் கேட்கும். போட்டதை வாங்கும், அரைக்கும், கீழே தள்ளும். எதிர்த்து ஒரு வார்த்தை பேசி அறியாது. பசியை அதற்கு நன்றாகத் தெரியும். பசி நாணயமான விருந்தாளி. நேரத்துக்கு வந்து குரல் கொடுக்கும். நாலு இட்லி இறங்கியதும், "போதும், வரட்டுமா?" என்று சொல்லிக்கொண்டு கிளம்பிவிடும்.

ஆனால் பசி போன பிறகும் சாப்பாடு வந்துகொண்டே இருந்தது. அதுதான் வயிற்றுக்கு விளங்கவில்லை.

சாயங்காலம் வேலை முடிந்ததும் காசிராஜன் போனில் பேசுவான்.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேங்க. நீங்க?"

"ஆச்சு. வேற என்ன?"

"வேற ஒண்ணுமில்லங்க."

போன் அணையும். உடனே அடுப்பு பற்றும். தோசை மேல் தோசையாக வரும். பொடியும் நல்லெண்ணெயும் வழிய வழிய வரும். அதற்கு மேல் மத்தியானக் குழம்பைச் சூடுபண்ணி ஒரு தட்டுச் சோறு. அதற்கும் மேல் முறுக்கு.

வயிறு ஒருநாள் மேலே பார்த்துக் கேட்டது. "நாக்கே, பசி அப்பவே போயிருச்சே. இதெல்லாம் யாருக்கு?"

"உனக்கெதுக்கு அந்தக் கேள்வி?" என்றது நாக்கு. "நான் ருசி பாக்குறேன், நீ வாங்கிப் போடு. கேட்டா மனசு வலிக்கும்."

வயிறு அதற்குப் பிறகு கேட்கவில்லை. விரிந்து கொடுத்தது. வருஷத்துக்கு வருஷம் விரிந்தது.

சௌந்தரத்தின் உடம்பு பெருத்தது. முழங்கால்கள் படியில் ஏறும்போது முனகின. தூங்கும்போது மூச்சு நின்று நின்று வந்தது. சர்க்கரை ஏறியது. பார்த்தவர்கள் எல்லோரும் பழியை ஒரே இடத்தில்தான் போட்டார்கள். "வாயைக் கட்டணும், வயித்தைக் கட்டணும்" என்றாள் அடுத்த வீட்டுப் பத்மா. "வயிறா அது, வண்ணான் சால்" என்று ஒரு கல்யாணத்தில் யாரோ சிரித்தார்கள். வயிறு கூனிக் குறுகியது. தானே குற்றவாளி என்று அதுவும் நம்பத் தொடங்கியது.

ஒருநாள் குளியலறையில் சௌந்தரம் விழுந்தாள். எழுந்திருக்க முடியவில்லை. பத்மாவும் அவள் புருஷனும் வந்து தூக்கினார்கள். செய்தி கேட்டு அபிநயா வந்துவிட்டாள்.

"அம்மா, சின்ன ஆபரேஷன்தான். வயித்தோட மேல்பக்கத்துல ஒரு வளையம் மாட்டிருவாங்க. கொஞ்சம் சாப்ட்டாலே நிறைஞ்சிரும். நீ நல்லா இருப்ப."

"வெட்டி எடுக்க மாட்டாங்கள்ல?"

"இல்லம்மா. கட்டுறது மட்டும்தான்."

திருச்சியில் ஒரு மருத்துவமனையில் கட்டினார்கள்.

வயிறு மயக்கம் தெளிந்தபோது அதன் கழுத்தைச் சுற்றி வழவழப்பாக ஒருவன் உட்கார்ந்திருந்தான். "நான்தான் வளையம்" என்றான். "கோபப்படாதீங்க. மேலேயிருந்து வர்றதைக் கொஞ்சங் கொஞ்சமா விடணும்னு எனக்கு உத்தரவு. அவ்வளவுதான் என் வேலை."

"தப்பு பண்ணினவன் நான்தானே. இறுக்கிக்கோ" என்றது வயிறு.

முதலில் தண்ணீரும் மோரும் வந்தன. பிறகு குழைத்த பருப்பும் ஓட்ஸ் கஞ்சியும். பிறகு விரல்நுனி அளவு துண்டுகள். மென்று மென்று கூழாக்கி விழுங்க வேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. அவசரப்பட்டால் வளையத்தில் சிக்கிக்கொள்ளும். நெஞ்சுக்குழியில் கல்லை வைத்து அழுத்தியது போல் இருக்கும். வாயெல்லாம் எச்சில் ஊறி நுரை நுரையாக வெளியே வரும். அதுவரை வயிற்றைத் திட்டிய சௌந்தரம், இப்போது அதைக் கையால் தடவி, "பொறுத்துக்கோ, பொறுத்துக்கோ" என்பாள். பிறந்ததிலிருந்து அவள் தன்னைத் தொட்டுப் பேசியது அதுவே முதல் தடவை என்று வயிறு நெகிழ்ந்துபோனது.

ஒரு காதுகுத்து வீட்டில் கறிச்சோறு. தெரிந்தவர்கள் வற்புறுத்தினார்கள். சௌந்தரம் ஒரு துண்டுக் கறியை வாயில் போட்டாள். நன்றாகத்தான் மென்றாள். ஆனாலும் சிக்கியது. பந்தியில் பாதியில் எழுந்து, வாயைப் பொத்திக்கொண்டு கைகழுவும் இடத்துக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது அவள் இலையை மூடியிருந்தார்கள்.

எடை இறங்கியது. முழங்கால்களுக்குக் கொண்டாட்டம். "சாமி, இப்பத்தான் மாடிக்குப் போய்ட்டு வந்தோம், மூச்சே வாங்கல" என்று பேசிக்கொண்டன. ஆனால் தோல் அழுதது. "இத்தனை வருஷம் இழுத்துப் பிடிச்சு நின்னேன். இப்ப உள்ள ஆள் இல்ல. நான் எங்க போய் ஒட்டிக்கிறது?" கைச்சதையும் வயிற்றுச் சதையும் உலர்த்திய துணி போலத் தொங்கின. தலைமுடி சீப்போடு வந்தது.

தெருவில் வேறு பேச்சு. "சௌந்தரம், என்னாச்சு ஒனக்கு? சர்க்கரை முத்திருச்சா?" "வேற எதாச்சும் நோவா? மறைக்காம சொல்லு." குண்டாக இருந்தபோது சிரித்தவர்கள் இப்போது பரிதாபப்பட்டார்கள். சிரிப்பையாவது தாங்க முடிந்தது.

எல்லாவற்றையும்விட மோசம் சாயங்காலம். போன் அணையும். "வேற ஒண்ணுமில்லங்க" என்ற அந்தக் கடைசி வார்த்தை சுவரில் மோதி விழும். அடுப்பு பற்றாது. அப்போதுதான் வயிறு அந்தச் சத்தத்தைக் கேட்டது. அடியிலிருந்து யாரோ விசும்புகிறார்கள்.

"யாரது?" என்று வயிறு கேட்டது.

விசும்பல் மட்டும் பெரிதானது.

"வளையம், கேட்குதா உனக்கு?"

"கேட்குது. ஆனா அது மேலேயிருந்து வர்றதில்லையே. அது என் பொறுப்பு இல்ல."

நாக்குக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அது மெதுவாகச் சொன்னது. "அழ விடக்கூடாது. எதையாவது கொடுத்து அமுக்கணும். தோசை இறங்காது. உருகுறது இறங்கும்ல?"

அப்படித்தான் ஐஸ்கிரீம் வீட்டுக்குள் வந்தது. முதலில் ஒரு கரண்டி, பிறகு ஒரு கிண்ணம், பிறகு டப்பாவோடு. வாயில் கரைந்து, வளையத்தின் நடுவே வழுக்கிக்கொண்டு ஓடியது.

"தடுத்து நிறுத்தேன்!" என்று வயிறு கத்தியது.

"மெல்லக்கூடியதைத் தடுப்பேன். ஓடுறதை எப்படிப்பா தடுக்கிறது?" என்று வளையம் கையை விரித்தது.

விசும்பல் அடங்கியது. இறங்கிக்கொண்டிருந்த எடையும் நின்றது. பரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மா கேட்டார். "வீட்டுல என்ன சாப்பிடறீங்க? மறைக்காம சொல்லுங்க."

"நீங்க சொன்னதுதாங்க" என்றாள் சௌந்தரம், தரையைப் பார்த்துக்கொண்டு.

டாக்டரம்மா வயிற்றுத் தோலுக்கு அடியில் வளையத்தோடு குழாயால் இணைத்திருந்த சிறு குமிழில் ஊசி குத்தி உப்புநீர் ஏற்றினார். வளையம் உப்பியது. இப்போது மோரே திணறித் திணறித்தான் இறங்கியது. "மன்னிச்சிரு" என்றது வளையம். வயிற்றுக்குப் பேச மூச்சு இல்லை.

அந்த நிலையில்தான் காசிராஜன் விடுப்பில் வந்தான்.

விமான நிலையத்தில் சௌந்தரம் முன்வரிசையில் நின்றாள். அவன் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். அவளைப் பார்த்தான். பார்த்துவிட்டு அவளுக்குப் பின்னால் தேடினான்.

"என்னங்க" என்றாள்.

குரலைக் கேட்டுத்தான் திரும்பினான். சிரிக்க முயன்றான். "போன்ல பாத்தப்ப இவ்வளவு தெரியலம்மா."

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தான். அவளுக்கென்று வாங்கிய நைட்டிகளும் சுடிதாரும் கட்டிலில் கிடந்தன. ஒவ்வொன்றிலும் அவளைப் போல் இரண்டு பேர் நுழையலாம்.

"அளவைச் சொல்லியிருக்கலாம்ல?"

"மாறிக்கிட்டே இருக்குங்க. எதைன்னு சொல்றது?"

மறுநாள் அவள் அவனுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்தாள். வஞ்சிரம் வறுவல், நண்டுக் குழம்பு. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சிறு கிண்ணத்தில் தன் பங்கை வைத்துக்கொண்டாள். காசிராஜன் அந்தக் கிண்ணத்தையே பார்த்தான்.

"நான் அங்க ரொட்டியைப் பிச்சுத் தின்னுக்கிட்டு இருக்கும்போதெல்லாம் நினைச்சுக்குவேன். எம் பொண்டாட்டி நல்லா சாப்பிடுறா, திருப்தியா இருக்கான்னு. அந்த நினைப்புலதான் நாள் ஓடிச்சு எனக்கு" என்றான். சோற்றைப் பிசைந்து ஒரு உருண்டை எடுத்து நீட்டினான். "எனக்காக ஒரு வாய்."

வயிறு நடுங்கியது. வளையம், "வேண்டாம், வேண்டாம்" என்றது. சௌந்தரம் வாயைத் திறந்தாள்.

இரண்டாவது உருண்டையில் சிக்கியது. அவள் எழுந்து கொல்லைப்புறம் ஓடினாள். குனிந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு குமட்டினாள். காசிராஜன் கழுவாத கையோடு பின்னால் வந்து நின்றான். என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

"ஒரு வாய்கூட எனக்காகச் சாப்பிட முடியாமப் போச்சே" என்றான். குற்றமாகச் சொல்லவில்லை. துக்கத்தில்தான் சொன்னான்.

சௌந்தரம் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"பதினாறு வருஷமா உங்களுக்காகத்தாங்க சாப்ட்டேன். உங்க பங்கையும் சேத்து."

அவன் சோறு ஒட்டியிருந்த தன் கையைப் பார்த்தான்.

"போகாதீங்க. இங்கேயே இருந்துருங்க."

அதை அவள் ஒருநாளும் கேட்டதில்லை. ஒவ்வொரு சாயங்காலமும் நாக்கு நுனிவரை வந்து, தோசையோடு தோசையாக விழுங்கப்பட்ட வார்த்தை அது. இன்று விழுங்க இடமில்லாமல் வெளியே வந்துவிட்டது.

காசிராஜன் கொல்லையில் கிடந்த வாளியில் கையைக் கழுவினான். வெகுநேரம் கழுவினான். "இங்க வந்து நான் என்ன வேலை பாக்குறது, சௌந்தரம்? அந்த வண்டியைத் தவிர எனக்கு வேற எதுவும் தெரியாது. அபி படிப்பு முடியட்டும். அதுக்கப்புறம் பாப்போம்."

விடுப்பு முடியும்வரை இருவரும் ஒருவருக்கொருவர் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டார்கள். விருந்துக்கு வந்த வீட்டில் நடந்துகொள்வது போல. அவன் தானே போட்டுக்கொண்டு சாப்பிட்டான். கிளம்பும்போது அவள் தோளைத் தொட்டான். எலும்பு தட்டுப்பட்டதும் கையை எடுத்துக்கொண்டான்.

அன்று சாயங்காலம் போன் வரவில்லை. அவன் விமானத்தில் இருந்தான். சௌந்தரம் ஃப்ரிட்ஜைத் திறந்து ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்து மேஜை மேல் வைத்தாள். கரண்டியையும் எடுத்தாள்.

"ம், சீக்கிரம்" என்றது நாக்கு. "அது எழுந்திருச்சிரப் போகுது."

சௌந்தரம் கரண்டியைப் பிடித்தபடியே இருந்தாள். என்னவோ, கை எழவில்லை. அடியில் விசும்பல் தொடங்கியது. அவள் அதைக் கேட்டாள். இத்தனை வருஷத்தில் முதல்முறையாகக் காதுகொடுத்துக் கேட்டாள்.

அது அடியிலிருந்து எழுந்தது. வயிற்றைத் தள்ளிக்கொண்டு, வளையத்தைத் தாண்டி, நெஞ்சை நெரித்துக்கொண்டு, தொண்டை வழியாக ஒரு பெரிய அழுகையாக வெளியே வந்தது. வளையம் அதைத் தடுக்கவில்லை. தடுக்க அதற்குத் தெரியவும் தெரியாது.

வெளியே வந்தது எதிர் நாற்காலியில் உட்கார்ந்தது. நாற்காலி போதவில்லை. கூடத்தை அடைத்தது. மாடிப்படி வரை நிறைந்து, பூட்டிக் கிடந்த அறைகளுக்குள்ளும் புகுந்தது. அதன் பெயர் தனிமை.

சௌந்தரம் அதைப் பார்த்தாள். அது சௌந்தரத்தைப் பார்த்தது. "உன்னைத்தான் இத்தனை நாளா ஊட்டி வளத்தேனா?" என்று மட்டும் கேட்டாள். மேஜையில் ஐஸ்கிரீம் உருகித் தண்ணீராகி டப்பாவில் தளும்பியது. அவள் அதைத் தொடவில்லை. அழுது ஓயவும் இல்லை.

உள்ளே வயிறு வெறுமையாகக் கிடந்தது. கையகலம்கூட இல்லை அது. எப்போதும் அவ்வளவுதான் இருந்திருக்கும் போல.

"அத்தனையும் தின்னது அதுதானா?" என்றது வயிறு.

"அதுதான்" என்றது வளையம்.

"அப்ப என்னை எதுக்குக் கட்டினாங்க?"

வளையம் பிடியைத் தளர்த்தாமலே சொன்னது.

"கத்திக்கு எட்டினது நீ மட்டும்தான்."