நிழல் வாங்கிய பூதமும் ஒரு வெல்ல அடையும்

எந்தக் காலம், எந்த ராஜா என்று என்னைக் குடையாதீர்கள். கொற்றனூர் என்று ஓர் ஊர் இருந்தது, அதன் ஏரியில் ஒரு பூதம் இருந்தது. இன்னும் இருக்கிறதா என்று போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அந்த ஏரியை ஒரே பகலில் வெட்டிக் கொடுத்ததே பூதம்தான். அதற்கு அது கேட்ட கூலி வருஷத்துக்கு ஒரு வெல்ல அடை. குறையக் கூடாது, கூடக் கூடாது, சரியாக ஒன்று.

மூன்று தெருவும் ஒரே அளவில் அடை சுடும். மேலத்தெரு தன் அடையில் பாதியைத் தரும். கீழத்தெரு மூன்றில் ஒரு பங்கைத் தரும். முழு அடைக்கு என்ன மீதியோ அதை நடுத்தெரு தர வேண்டும். பெரியவர்கள் கை பட்டால் பூதம் தொடாது. நடுத்தெருப் பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்றுதான் மீதியை வெட்டி, எல்லாவற்றையும் கொண்டுபோக வேண்டும். அளவு தப்பினால் அந்தப் பிள்ளையின் நிழல் பூதத்துக்கு.

நிழல்தானே என்று ஊர் தலையாட்டியது. என்ன புத்தியோ!

முதல் வருஷம் மருதப்பன் போனான். ரெண்டில் ஒன்று, மூன்றில் ஒன்று, அடுத்தது நாலில் ஒன்றுதானே என்று கால் அடையை வெட்டினான். நல்ல வெயில். தண்ணீர் அசையாமலே ஒரு கை வெளியே வந்தது. மூன்று துண்டையும் ஒட்டவைத்துப் பார்த்தது. ஒன்றின் மேல் ஒன்று ஏறியது.

"கூடிப்போச்சு" என்றது பூதம். பாயைச் சுருட்டுகிற மாதிரி அவன் நிழலைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டது.

அதற்கப்புறம் மருதப்பனுக்குப் பசி இல்லை, பேச்சு இல்லை, அழுகையும் இல்லை. ஊட்டினால் விழுங்குவான். நாளெல்லாம் கரையில் நின்று தண்ணீரைப் பார்ப்பான்.

ரெண்டாம் வருஷம் செங்கோடன். வகுப்பிலேயே கெட்டிக்காரன். "ரெண்டுல ஒண்ணு, மூணுல ஒண்ணு. சேர்த்தா அஞ்சுல ரெண்டு. மீதி அஞ்சுல மூணு" என்றான். வகுப்பே ஆமாம் போட்டது.

"ரொம்பக் கூடிப்போச்சு" என்றது பூதம். மறுநாளிலிருந்து கரையில் ரெண்டு பேர் நின்றார்கள்.

மூன்றாம் வருஷம் செங்கோடனின் தங்கை காத்தாயி, நான் போகிறேன் என்றாள். அண்ணன் அவளை யாரோ மாதிரி பார்க்கிறான். அதை எந்தத் தங்கை பொறுப்பாள்?

அவள் முந்தின நாளே மூன்று அடை சுட்டாள். ஒன்றை நாலாக வெட்டினாள். பாதி சரியாக வந்தது, மூன்றில் ஒரு பங்கு வரவில்லை. அடுத்ததை அஞ்சாக வெட்டினாள். ரெண்டுமே வரவில்லை. கடைசி அடையை ஆறாக வெட்டினாள். பாதிக்கு மூன்று துண்டு, மூன்றில் ஒரு பங்குக்கு ரெண்டு துண்டு. ஆக அஞ்சு துண்டு. மீதி ஒன்றே ஒன்று.

மறுநாள் ஆறில் ஒன்றை வெட்டி எடுத்துப் போனாள். பூதத்தின் கை வந்து மூன்று துண்டையும் சேர்த்துப் பார்த்தது. அடை வட்டமாக மூடிக்கொண்டது.

"அண்ணன் நிழலைக் குடு. மருதப்பன் நிழலையும் குடு" என்றாள்.

தண்ணீருக்குள் என்னவோ சிரித்தது. "கீழத்தெருவை விட மேலத்தெரு எவ்வளவு அதிகம் குடுத்துச்சு? சரியாச் சொன்னா தர்றேன், தப்பாச் சொன்னா உன் நிழலும் எனக்கு."

காத்தாயி விரலை மடக்கினாள். "மேலத்தெரு ஆறுல மூணு. கீழத்தெரு ஆறுல ரெண்டு. ஆறுல ஒண்ணு அதிகம்."

கை வந்து ரெண்டு நிழலையும் மணலில் விரித்தது. ஈரம் சொட்டியது.

"பசிக்குது காத்தாயி" என்றான் செங்கோடன். அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

மருதப்பனுக்கும் நிழல் வந்தது. ஆனால் ரெண்டு வருஷத்தில் உடம்பு வளர்ந்துவிட்டது, தண்ணீருக்குள் நிழல் வளரவில்லை. கிழவனாகிச் சாகும்வரை அவன் காலடியில் ஒரு சின்னப் பையனின் நிழல்தான் நடந்தது.

ஆகையால் பிள்ளைகளே, அளவு வேறான பங்குகளைக் கூட்டுவதானாலும் கழிப்பதானாலும், அவற்றை முதலில் ஒரே அளவுத் துண்டுகளாக்கிக்கொள்ள வேண்டும்.