ஒன்பது வினாடியில் கட்டிய ஆவணம்

குரு என்றதும் தாடியையும் காவியையும் தேட வேண்டாம். இந்தக் குருவுக்கு முப்பத்தேழு வயது. பெயர் பூங்கோதை. விழுப்புரத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்பவர். சிஷ்யருக்கு ஐம்பத்தைந்து. பெயர் தணிகாசலம். தொலைபேசி இலாகாவில் விருப்ப ஓய்வு வாங்கிவிட்டு, வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல் கற்றுக்கொள்ள வந்தவர். முதல் நாள் விளையாட்டாக 'டீச்சரம்மா' என்று கூப்பிட்டார். அதுவே நிலைத்துவிட்டது.

பூங்கோதையும் இன்னும் சிலரும் சேர்ந்து எழுதிய மென்பொருளுக்குப் பத்தாயம் என்று பெயர். ஒரு டிஸ்க்கில் இருப்பதை இன்னொரு டிஸ்க்கில் பத்திரமாக நகலெடுத்து வைக்கும். யாரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம், திறந்து பார்க்கலாம், திருத்தலாம். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லும் ஆவணம் மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.

அந்தப் பக்கங்களைக் கட்டி இணையத்தில் ஏற்ற ஒரு பழைய கருவி இருந்தது. பூங்கோதை எப்போதோ எழுதியது. குழுவில் அதற்கு 'மாமியார்' என்று பெயர். நாற்பது நிமிடம் எடுத்துக்கொள்ளும். கடைசியில் 'பக்கம் 41: பொருந்தவில்லை' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றுவிடும். எது எதோடு பொருந்தவில்லை என்று வாயைத் திறந்து சொல்லாது. பூங்கோதை அந்தப் பக்கத்தைத் திறந்து, ஏதோ திருத்தி, மறுபடி ஓட்டுவார். மற்றவர்கள் அதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடுவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தணிகாசலம் கேட்டார்.

"டீச்சரம்மா, மாமியாரைக் கழட்டிடலாமா? புதுக் கருவி ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன்."

"அது ஏன் நாப்பது நிமிஷம் எடுத்துக்குதுன்னு பாத்தீங்களா சார்?"

"பழசு. அதான்."

பூங்கோதை கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார்.

"சரி. செய்யுங்க."

தணிகாசலம் இரண்டு மாதம் உழைத்தார். உண்மையாகவே உழைத்தார். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் ஒவ்வொன்றாகப் புது வடிவத்துக்கு மாற்றினார். புதுக் கருவி ஒன்பது வினாடியில் எல்லாவற்றையும் கட்டிவிட்டது. தேடும் வசதி வந்தது. கைபேசியிலும் எழுத்து நன்றாகத் தெரிந்தது. அதுவரை எட்டிப் பார்க்காத கல்லூரிப் பிள்ளைகள்கூட வந்து பக்கம் எழுதினார்கள். பாராட்டு மழை. ஒருவர் அல்வா வாங்கி வந்தார். குறை சொல்ல இனி யாரும் இல்லை.

நான்கு மாதம் கழித்து, பத்தாயத்தின் புதுப் பதிப்பு வந்தது. அதில் ஒரு சின்ன மாற்றம். முன்பெல்லாம் கட்டளையில் நிரப்ப வேண்டிய டிஸ்க்கின் பெயரை முதலில் எழுத வேண்டும், எடுக்க வேண்டிய டிஸ்க்கை இரண்டாவதாக. பலருக்கும் குழப்பமாக இருக்கிறது என்று அந்த வரிசையைத் திருப்பிப்போட்டார்கள். அதற்கேற்ப ஆவணத்தில் ஐந்து பக்கம் மாற்றினார்கள். ஆறாவது பக்கம் ஒன்று பழைய வரிசையிலேயே இருந்தது. யாருக்கும் நினைவில்லை.

அதற்கு இரண்டு வாரம் கழித்து, குழுவின் மின்னஞ்சலுக்கு ஒரு கடிதம் வந்தது.

'ஐயா, அம்மா. நான் திருக்கோவிலூரில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பெயர் மரகதம். பதினாலு வருடப் படம் ஒரே டிஸ்க்கில் இருந்தது. அது பழசாகிவிட்டதால் புது டிஸ்க் வாங்கி, நீங்கள் போட்டிருக்கும் பக்கத்தைப் பார்த்து ஒரு எழுத்து விடாமல் செய்தேன். நிச்சயமா என்று கேட்டது. கேட்டால் ஆம் என்று சொல்லவும் என நீங்கள் எழுதியிருந்தீர்கள். சொன்னேன். இப்போது இரண்டு டிஸ்க்கும் காலியாக இருக்கிறது. நான் எந்த இடத்தில் தப்பு செய்தேன் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.'

தணிகாசலம் அதை நான்கு தடவை படித்தார். ஒருவேளை பழைய கருவியில் பதில் இருக்குமோ என்று, ஓரமாகக் கிடந்த மாமியாரை முதல்முறையாகத் திறந்து பார்த்தார்.

அறுநூறு வரி. அது பக்கங்களை மட்டும் கட்டவில்லை. ஆவணத்தில் எழுதியிருக்கும் ஒவ்வொரு கட்டளையையும் அதுவே எடுத்து, பொம்மை டிஸ்க் இரண்டை உருவாக்கி, ஓட்டிப் பார்த்தது. நகல் வர வேண்டிய இடத்தில் வரவில்லை என்றால் ஆவணத்தைக் கட்ட மறுத்தது. நாற்பது நிமிடம் அதற்குத்தான் போயிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் பூங்கோதையிடம் வந்தபோது கையில் ஒரு பதில் கடிதம் இருந்தது. எழுதி எழுதி அடித்தது. மென்பொருளோடு வரும் உரிமத்தில் 'எந்த உத்தரவாதமும் இல்லை' என்று இருக்கிறதல்லவா, அந்த வரியையும் சேர்த்திருந்தார்.

பூங்கோதை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"யாராவது யோசிக்காம ஆம்னு அடிப்பாங்களா டீச்சரம்மா? ஒரு தடவை பாக்க வேணாமா?"

"உங்க பையில டிஸ்க் இருக்கா சார்?"

"இருக்கு."

"என்ன இருக்கு அதுல?"

"பொண்ணு கல்யாண வீடியோ. என் சம்சாரம் இருந்தப்ப எடுத்தது."

"மாட்டுங்க. இந்தாங்க, இது காலி டிஸ்க். அதையும் மாட்டுங்க. அந்தம்மா பாத்த பக்கத்தைத் திறந்து, அதுல இருக்கறபடியே செய்யுங்க."

தணிகாசலம் மாட்டினார். பக்கத்தைத் திறந்தார். கட்டளையை அடித்தார். நிச்சயமா என்று கேட்டது. 'ஆம்' என்று அடித்தார். என்டருக்கு மேல் விரல் நின்றுவிட்டது.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"போயிடும். காலி டிஸ்க் இதுமேல ஏறிடும்."

"பக்கத்துல அப்படி எங்க எழுதியிருக்கு?"

"எழுதலை. எனக்குத் தெரியும்."

தணிகாசலம் டிஸ்க்கைக் கழற்றி, கைக்குட்டையில் சுற்றி, பைக்குள் வைத்தார். பதில் கடிதத்தைக் கிழித்தார்.

"திருக்கோவிலூர் பஸ் எத்தனை மணிக்கு?" என்றார்.

இருவரும் போனார்கள். மரகதத்துக்கு ஐம்பது வயது இருக்கும். வந்தவர்கள் யார் என்று தெரிந்ததும் பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். என்னால் உங்களுக்கு அலைச்சல் என்றார். அந்த வார்த்தையைத் தணிகாசலத்தால் தாங்க முடியவில்லை.

பூங்கோதை டிஸ்க்கை வாங்கி, அழிந்ததை மீட்கும் கருவியை ஓட்டினார். மூன்று மணி நேரம் ஓடியது. நாற்பதாயிரம் படத்தில் முந்நூறு சொச்சம் வந்தது. அதிலும் பாதிப் படத்தில் பாதிதான் இருந்தது, கீழே வெறும் சாம்பல் நிறம்.

அந்த நேரத்தில் ஒருவர் கடைக்குள் வந்தார். லாரி ஓட்டுபவர் போலிருந்தார். தலையை மழித்திருந்தார்.

"அக்கா, அம்மா தவறிட்டாங்க. காரியத்துக்குப் படம் வேணும். பெரியண்ணன் கல்யாணத்துல நீங்க எடுத்தீங்களே, பச்சைப் பொடவை கட்டி, சிரிச்சிக்கிட்டு. அதுல அம்மாவ மட்டும் வெட்டிக் குடுங்க."

"இல்லப்பா. போயிடுச்சு."

"எது?"

"எல்லாமே. நான்தான் அழிச்சிட்டேன்."

அவர் சட்டைப் பையிலிருந்து அம்மாவின் ஆதார் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இத வெச்சுப் பெருசு பண்ணிடுங்க. ஆனா இதுல அம்மா மாதிரியே இல்லக்கா."

மரகதம் அட்டையை வாங்கிக்கொண்டு சாயங்காலம் வரச் சொன்னார். அவர் போனதும், தணிகாசலம் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"அம்மா, நீங்க அழிக்கலை. நாங்க தப்பா எழுதியிருந்தோம். நீங்க சரியாத்தான் செஞ்சீங்க. தப்பு என்னுது."

மரகதம் அவரையே பார்த்தார். கண் நிறைந்துவிட்டது.

"இதை என் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொல்றீங்களா சார்? அவ ரெண்டு வாரமா என்னோட பேசறதில்ல. தெரியாத வேலையில ஏன் கை வெச்சேன்னு."

தணிகாசலம் போனில் சொன்னார். மூன்று தடவை சொன்னார். மறுமுனையில் அந்தப் பெண் கடைசியாக, "படம் வருமா சார்?" என்று கேட்டாள். வராது என்றார்.

திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் வெயில் இறங்கியிருந்தது. தணிகாசலம்தான் பேச்சை ஆரம்பித்தார்.

"பழசைத் திரும்ப மாட்டிடறேன் டீச்சரம்மா."

"அது புதுப் பதிப்போட ஓடாது. அந்தச் சோதனையப் புதுசுல சேத்து எழுதணும். நானும் உக்காரறேன்."

"சரி."

ஒரு பஸ் வந்தது. அவர்களுடையது இல்லை. போனது.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அது என்ன செஞ்சிக்கிட்டிருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும். எழுதினதே நீங்கதான். ஏன் நாப்பது நிமிஷம்னு கேட்டதோட நிறுத்திட்டீங்க. நான் பட்டுத் தெரிஞ்சிக்கட்டும்னு விட்டீங்களா? ஒரு பாடமா?"

பூங்கோதை இல்லை என்று தலையை ஆட்டினார். அவர் குரல் மிகவும் தணிந்திருந்தது.

"பாடமெல்லாம் ஒண்ணுமில்ல சார். ஏழு வருஷமா வாரா வாரம் அது சொல்ற குறைய நான் ஒருத்தியே தீத்துக்கிட்டிருந்தேன். அலுத்துப் போச்சு. நீங்க வந்து கழட்டட்டுமான்னு நின்னப்போ, அப்பாடா, கழட்டறது நானில்லன்னு இருந்துச்சு."