படகுத்துறையில் ஒரு கல்

உப்பாற்றங்கரையில் வெண்மணல்நாடு என்று ஒரு சின்ன ராஜ்ஜியம். அதை ஆண்டவர் பூவராக மழவராயர். நல்ல மனிதர்தான். ஆனால் தாத்தா செய்துவைத்த எதையும் மாற்றச் சொன்னால் மட்டும் கேட்கமாட்டார். அவர் சபையின் விகடகவி அம்பலவாணன். வாய் நீளம், கால் அதைவிட நீளம். அரண்மனையில் சாப்பிடுவான், ஊரெல்லாம் சுற்றுவான்.

அப்படி ஒரு மழைநாளில் சுற்றும்போதுதான் ஆற்றில் அதைப் பார்த்தான். உப்பளத்தில் வேலை செய்யும் சிலம்பாயி, காய்ச்சலில் துவண்ட மகளைத் தோளில் போட்டுக்கொண்டு, கழுத்தளவுத் தண்ணீரில் ஆற்றைக் கடந்துகொண்டிருந்தாள். வைத்தியர் வீடு அக்கரையில். பக்கத்திலேயே படகு போகிறது. அதில் பாதி காலி! பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சுழல் இழுத்தது. தாயும் மகளும் மூழ்கி எழுந்தார்கள். அம்பலவாணன் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு குதித்தான். எப்படியோ இருவரையும் கரை சேர்த்தான்.

"ஏம்மா, படகில் ஏறியிருக்கக் கூடாதா?"

மூச்சு வாங்க அவள் துறையில் நட்டிருந்த கல்லைக் காட்டினாள். "உங்களுக்குப் படிக்கத் தெரியுமே சாமி. படிச்சுப் பாருங்க."

அரசரின் தாத்தா வெட்டிவைத்த கட்டளை அது: 'உயர்ந்தோர் மட்டுமே படகில் ஏறலாம்.'

அந்தக் கல்லைத் தாண்டித்தான் அம்பலவாணன் இத்தனை காலமும் படகேறியிருக்கிறான். ஒருநாளும் படித்ததில்லை. படிக்கிற அவசியம் அவனுக்கு வரவேயில்லை.

படகோட்டியை அதட்டி, வைத்தியரை இக்கரைக்கே வரவழைத்தான். குழந்தை பிழைத்தது. ஈர வேட்டியோடு நேரே சபைக்குப் போய், நடந்ததைச் சொன்னான்.

"அரசே, அந்தக் கல்லைப் பிடுங்கி எறியுங்கள்!"

தளவாய் வீரபத்திரர் துள்ளி எழுந்தார். எழுந்தாலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மனிதர் அவ்வளவு குள்ளம். "என்ன பேச்சு இது! உப்பளத்து ஆட்களோடு நாங்கள் தோள் உரசி உட்காருவதா? யார் யார் எங்கே பிறந்தார்களோ அங்கேயே இருக்க வேண்டியதுதான்!"

மழவராயர் மீசையைத் தடவினார். "தாத்தா வெட்டிய எழுத்து, அம்பலவாணா. ஒரு புள்ளியைக்கூட நான் அழிக்கமாட்டேன். வேண்டுமானால் ஒன்று செய். எழுத்தை மாற்றாமல், கட்டளையை மீறாமல், அந்தப் பெண்ணைப் படகில் ஏற்றிக் காட்டு. கேட்டதைத் தருகிறேன். முடியாவிட்டால் இனி இந்தச் சபையில் நீ வாயைத் திறக்கக் கூடாது."

"அது நடந்தால் நாட்டுக்கே நல்லது" என்றார் தளவாய்.

அம்பலவாணன் யோசித்தான். பேசாத விகடகவிக்கு யார் சோறு போடுவார்கள்? ஆனால் சுழலில் மூழ்கி எழுந்த அந்தச் சின்ன முகம் கண்ணைவிட்டுப் போகவில்லை. "சரி அரசே. கட்டளையை எழுத்துப் பிசகாமல் நடத்துகிறேன். திருவிழா அன்று துறைக்காவலை என்னிடம் விடுங்கள்."

திருவிழா வந்தது. கோயில் அக்கரையில். அரசர், தளவாய், ஊர்ப் பெரியவர்கள் எல்லாரும் பட்டு சரசரக்கத் துறைக்கு வந்தார்கள். கல்லின் பக்கத்தில் அம்பலவாணன் ஒரு கோலோடு நின்றான். கல்லின் உச்சியில் கோலைக் குறுக்கே படுக்கவைத்துப் பிடித்தான்.

மழவராயர் நெடிய உருவம். கோல் அவர் மார்பில்தான் பட்டது. "ஏறுங்கள் அரசே."

அடுத்து, பனைமரம்போல் வளர்ந்த சிலம்பாயி வந்தாள். கோல் அவள் கழுத்துக்குக் கீழே. "ஏறும்மா."

கூட்டம் சலசலத்தது. அடுத்து தளவாய். கோல் அவர் தலைக்கு மேலே போனது.

"நில்லுங்கள் ஐயா. நீங்கள் ஏற முடியாது."

"என்னது!"

"கட்டளை 'உயர்ந்தோர் மட்டுமே' என்கிறது. எதைவிட உயர்ந்தோர் என்று சொல்லவில்லை. அதனால் சொல்கிற கல்லையே அளவாக வைத்துக்கொண்டேன். நீங்கள் கல்லைவிடத் தாழ்ந்திருக்கிறீர்கள்."

தளவாய் நுனிக்காலில் நின்று பார்த்தார். தலைப்பாகையை மேலே இழுத்துவிட்டுப் பார்த்தார்.

"தலைப்பாகை உயர்ந்துவிட்டது ஐயா. அதை மட்டும் கொடுங்கள், படகில் அனுப்பி வைக்கிறேன்."

துறையே சிரித்தது. தளவாயின் முகம் சிவந்தது. "அரசே! உயரம் என்ன நான் கேட்டு வாங்கியதா? பிறந்ததே இப்படித்தான் பிறந்தேன்! அதற்காக ஒரு மனிதனைக் கரையில் நிறுத்துவதா? இது அநியாயம்!"

சொல்லி முடித்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்று அவர் காதிலேயே விழுந்தது. சிரிப்பு அடங்கிப்போனது.

படகிலிருந்து சிலம்பாயியின் குரல் மட்டும் கேட்டது. "அநியாயந்தான் ஐயா. வாங்க, பக்கத்துல இடம் இருக்கு."

தளவாய் தலை குனிந்தார். மழவராயர் படகிலிருந்து இறங்கி அம்பலவாணனிடம் வந்தார். பிறகு சொன்னார்: "ஜெயித்துவிட்டாய் அம்பலவாணா. என்ன வேண்டும், கேள். ஆனால் எழுத்தை மட்டும் அழிக்கச் சொல்லாதே."

"எழுத்து அப்படியே இருக்கட்டும் அரசே. கல்லைப் பிடுங்கி, எழுத்து மேலே தெரிய, படகுக்குப் பக்கத்தில் கடைசிப் படியாகப் படுக்கப்போடுங்கள். அது போதும்."

உப்பளத்து ஆட்களும் அரண்மனைச் சேவகர்களும் ஒன்றாகக் கயிறு பிடித்து இழுத்தார்கள். கல் படியாகிப் படுத்தது. சனங்கள் ஒவ்வொருவராக அதன்மேல் கால் வைத்துப் படகேறினார்கள்.

தளவாய் மட்டும் கல்மேல் வந்து தயங்கி நின்றார். "அம்பலவாணா, இப்போது நான் ஏறலாமா?"

அம்பலவாணன் குனிந்து கல்லைப் பார்த்தான். நிமிர்ந்து அவரைப் பார்த்தான்.

"தாராளமாக ஏறுங்கள் ஐயா. இப்போது எல்லாரும் கல்லைவிட உயர்ந்தவர்கள்தான்."