பிணவறையில் ஒரு புள்ளி

“மிஷின் தப்பு பண்ணாதுய்யா, நர்சுங்கதான் தப்பான இடத்துல நிக்கிறாங்க.” ஆஸ்பத்திரி நிர்வாகி ஞானசிகாமணி லிஃப்டில் யாரிடமோ போனில் சொன்னது, பின்னால் நின்ற பயிற்சிப் பொறியாளர் இசக்கியின் காதில் விழுந்தது.

அந்த மிஷின், ஆபத்தென்றால் நர்சுகள் அழுத்தும் அலாரம் பட்டன்; அழுத்தியவர் நிற்கும் இடத்தைத் திரையில் புள்ளியாகக் காட்டும். சிக்னல் வாங்கும் கருவியைச் சிக்கனம் பார்த்து அடித்தளத்தில் மட்டும் மாட்டியிருந்தார்கள். எந்த மாடியில் அழுத்தினாலும் புள்ளி நேர் கீழே அடித்தளத்துக்கு இறங்கிச் சம்மணம் போட்டது.

“புதுக் கருவி கிடையாது. மத்தியானத்துக்குள்ள ஆளும் புள்ளியும் ஒரே இடத்துல இருக்கணும். இல்லன்னா உனக்கு வேலை இல்ல,” என்றார் ஞானசிகாமணி இசக்கியிடம்.

“சரி சார். நீங்களே உங்க ரூம்ல அழுத்திப் பாருங்க.”

அழுத்தினார். அந்த அறைக்கு நேர் கீழே அடித்தளத்தில் பிணவறை; புள்ளி அங்கே போய் உட்கார்ந்தது. சாப்பிடக் கிளம்பியவரைப் பிணவறைக் காவலர் செவத்தையா ஸ்ட்ரெச்சரோடு வந்து மறித்தார்.

“நீங்க பிணவறையில இருக்கீங்கய்யா. சொந்தக்காரங்க கையெழுத்து இல்லாம வெளிய விடக்கூடாது. நீங்க போட்ட சட்டம்தான்.”

“இங்கதானேய்யா நிக்கிறேன்!”

“தப்பான இடத்துல நிக்கிறீங்க சார்,” என்றாள் இசக்கி. “கீழ போய்ப் படுத்துட்டீங்கன்னா ஆளும் புள்ளியும் ஒண்ணாயிடும். வீட்டம்மாவக் கையெழுத்துக்கு வரச் சொல்லட்டுமா?”

செவத்தையா வெள்ளைத்துணியை உதறி விரித்தார்.

ஞானசிகாமணி இசக்கியின் பேனாவைப் பிடுங்கி, மாடிக்கொரு கருவி வாங்கும்படி உத்தரவு எழுதிக் கையெழுத்துப் போட்டார்.