ஒரு மடக்குத் தண்ணீர்

"வெப்சைட்ல ஒரு குறையும் கிடையாது டீச்சர். ஆளுகளுக்குத்தான் பாக்கத் தெரியல" என்றார் கோமதிநாயகம்.

பாளையங்கோட்டையில் ஒரு டயாலிசிஸ் மையத்துக்காக அவர் மூன்று மாதம் மெனக்கெட்டுச் செய்த தளம் அது. வீட்டிலிருந்தே நேரம் பதிந்துகொள்ளலாம். ஆனால் ஒருவரும் பதியவில்லை. பழையபடி விடியுமுன்பே டோக்கனுக்கு வரிசையில் நின்றார்கள். திங்கட்கிழமைக்குள் சரியாகாவிட்டால் தளத்தை மூடிவிடுவதாக மையத்தில் சொல்லிவிட்டார்கள்.

யோசனை கேட்டு அவர் தேடி வந்த ரெஜினா அவரைவிடப் பதினெட்டு வயது இளையவள்; ஆனாலும் அவருக்கு அவள் 'டீச்சர்'தான். அவள் செய்த தளங்களில் யாரும் வழி தெரியாமல் நின்றதில்லை. அவளைப் பார்த்தால் அவருக்குப் பொறாமைகூட வராது, கும்பிடத்தான் தோன்றும்.

அவள் தளத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மையத்துக்கு அழைத்துப்போய், வராந்தாவில் வைத்து ஒரு டம்ளரை நீட்டினாள்.

"ஒரு மடக்குத் தண்ணி வாயில ஊத்திக்கிடுங்க அண்ணாச்சி. முழுங்கக் கூடாது, துப்பவும் கூடாது."

ஊற்றிக்கொண்டார்.

உள்ளே சிகிச்சையில் இருந்த கணவருக்காகக் காத்திருந்த சண்முகத்தாயிடம் ரெஜினா போனைக் கொடுத்தாள். "வீட்டுக்காரருக்கு வியாழக்கிழமைக்கு நேரம் போட்டுப் பாருங்கக்கா."

தளம் திறந்தது. மையத்தின் தலைவர் படம், செயலாளர் படம், பொருளாளர் படம், ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்தன. படமெல்லாம் முடியட்டும் என்று சண்முகத்தாய் காத்திருந்தாள். அவை முடிவதாக இல்லை.

"இவரு டாக்டரா?" என்று செயலாளரைத் தொட்டாள். செயலாளர் பெரிதானார்.

கீழே போங்க, மூலையில மூணு கோடு இருக்கு பாருங்க, அதைத் தொடுங்க! சொல்ல முடியாமல் கோமதிநாயகத்தின் கன்னம் உப்பியது. கையை நீட்டப் போனார். ரெஜினா அதைப் பிடித்து இறக்கினாள்.

சண்முகத்தாய் எப்படியோ தட்டித்தடவிப் பதிவுப் பக்கத்துக்கு வந்துவிட்டாள். அங்கே ஈமெயில் கேட்டது.

சண்முகத்தாய் போனைத் திருப்பிக் கொடுத்தாள். "எனக்குப் பாக்கத் தெரியலம்மா. ஒங்களுக்கும் வீண் சிரமம். நான் நாலு மணிக்கே வந்து நின்னுக்கிடுதேன்."

கோமதிநாயகம் தண்ணீரை விழுங்கினார். அது சுலபத்தில் இறங்கவில்லை.

மூன்று நாள் உட்கார்ந்து அவர் தளத்தைத் திருத்தினார். ஈமெயில் போயிற்று. மூன்று கோடு போயிற்று. செயலாளரும் கடைசிக்குப் போனார்.

திங்கட்கிழமை. அதே வராந்தா, அதே சண்முகத்தாய், அதே டம்ளர்.

அவள் போனை வாங்கினாள். 'நேரம் பதிய' என்று பெரிதாக இருந்ததைத் தொட்டாள். போன் நம்பரைப் போட்டாள். வியாழன், பத்து மணி. திருப்பிக் கொடுத்தாள்.

"பாலு வாங்கணும், வாரேன்" என்று பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். தளத்தைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை இல்லை.

கோமதிநாயகம் அவள் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன அண்ணாச்சி, ஒண்ணும் சொல்லாமப் போயிட்டாவளேன்னு வருத்தமா?"

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தார்.

சட்டையெல்லாம் நனைந்தது. வாயில் தண்ணீர் இருந்ததையே அவர் மறந்துபோயிருந்தார்.